லேத் பட்டறை (தூத்துக்குடி)

தூத்துக்குடி வட்டாரத்தில் விசைப்படகு, உப்பளப் பம்புசெட்டு, லாரி ஆகியவற்றின் உதிரிபாகங்களைக் கடைந்தும் பழுதுபார்த்தும் தரும் சிறு தொழிற்கூடம். கடைசல் பட்டறை என்றும் வழங்கும்.

அமைப்பு: லேத்தைக் கான்கிரீட் மேடையில் நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சமன்செய்வது முதல் வேலை. லேத்தின் படுகை முறுக்கிக்கொண்டால் கடையும் தண்டு ஒருமுனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் வரும். பெரிய மோட்டாருக்கு மும்முனை மின் இணைப்பு வேண்டும்.

கருவிகள்: லேத், துளையிடும் இயந்திரம், பெஞ்ச் கிரைண்டர், வெல்டிங் செட், பெஞ்ச் வைஸ்; அளப்பதற்கு வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ். லேத்தின் அளவை அடிக்கணக்கில் சொல்வர். படகுத் தண்டு நீளமானது என்பதால் நீண்ட படுகை அவசியம்.

பணி: வளைந்த புரொப்பெல்லர் தண்டை இரு சென்டர்களுக்கு இடையே ஏற்றி, டயல் கேஜைத் தொடவைத்துக் கையால் மெல்லச் சுழற்றுவர். முள் மிகுதியாக நகரும் இடத்தில் சாக்பீஸால் குறியிட்டு, பிரஸ்ஸில் நேராக்கி, மீண்டும் சோதிப்பர். தேய்ந்த புஷ்ஷுக்குப் பதிலாகப் புதியது கடைவதும் முக்கிய வேலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுப் பராமரிப்பு வேலைகள் குவியும்.

பராமரிப்பு: உப்புக் காற்றால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே நாள்தோறும் வேலை முடிந்ததும் பிசிறு நீக்கி, படுகையில் எண்ணெய் பூசி, அளவுகருவிகளைப் பெட்டியில் மூடிவைக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர் முதலீட்டை நல்ல லேத்திலும் துல்லியமான அளவுகருவிகளிலும் இடுவதே சிறந்தது. மற்ற இயந்திரங்களை வருமானம் வரவரச் சேர்த்துக்கொள்ளலாம்.