அர்பத்நாட் வீழ்ச்சியும் பதிவேடுகளும்

1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் கதவடைத்தபோது, அதில் வைப்புப் பணம் போட்டிருந்த பலரும் அதன் வரவுசெலவுக் கணக்கை ஒருமுறைகூடக் கண்டதில்லை. அன்று நடப்பிலிருந்த 1882ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், வங்கித் தொழில் நடத்துவோர் பத்துப் பேருக்கு மேற்பட்டால் மட்டுமே பதிவைக் கட்டாயமாக்கியது. அவ்வாறு பதிவான கம்பெனிகள் பதிவாளரிடம் அளித்த ஆவணங்களைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். சில பங்காளிகளின் கூட்டு வணிகமான அர்பத்நாட் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றதால், மக்கள் அதன் தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட்டின் 'சர்' பட்டத்தையும் சட்டமன்ற உறுப்பினர் பதவியையுமே நாணயத்துக்குச் சான்றாகக் கொண்டனர். வேறு சான்று அவர்களுக்கு எட்டவும் இல்லை என்பதால் அதை ஏமாளித்தனம் என்று எள்ளுவது நியாயமாகாது. லண்டன் பங்காளி மெக்ஃபாடியன் ஊக வணிகத்தில், அதாவது விலை ஏற்ற இறக்கத்தை நம்பிய பேரங்களில், இழந்த பணம் வீழ்ச்சிக்குப் பின்னரே அம்பலமாயிற்று. அவர் தற்கொலை செய்துகொண்டார். அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பட்டம் பெற்ற வெள்ளையர் ஒருவர் சிறை சென்றது அக்காலத்தில் அரிது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் 1907இல் தொடங்கிய இந்தியன் வங்கியோ, கம்பெனிச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட நிறுவனமாகவே பிறந்தது.