கரடிக்குழியில் எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

மன்னார் மாவட்டத்தின் தெற்கே, முசலிப் பிரதேசத்தில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று கரடிக்குழி, மற்றது பாலைக்குழி. பாலைப்பழம் எண்டால் கரடிக்கு உயிர். பழம் பழுக்கிற காலத்தில் மரத்தில் ஏறிக் குந்தியிருந்து தின்னும். ஊரும் காடும் அங்கே எவ்வளவு நெருக்கம் எண்டதுக்கு இந்தப் பெயர்களே போதும்.

2015இல் இந்தப் பக்கத்து மீள்குடியேற்றம்தான் "வில்பத்து அழிகிறது" எண்டு நாடு முழுக்கச் செய்தியாகியது. அப்ப நான் பாடசாலையில். பேஸ்புக்கில் வந்த படங்களைப் பார்த்து நானும் கோபப்பட்டு ஷெயார் பண்ணியிருக்கிறேன். கம்பஸ் வந்த பிறகுதான் அந்தப் படத்துக்குள் இருந்தவர்களின் பேத்தி ஒருத்தியைச் சந்தித்தேன். என்ட பட்ச். புத்தளத்தில் பிறந்தவ. அவவின் உம்மம்மாவுக்கு ஊர் மறிச்சுக்கட்டி. "காடழிச்ச ஆக்கள் எண்டு நியூஸில சொல்லேக்க உம்மம்மா டீவியை நிப்பாட்டிப்போட்டுக் கிணத்தடியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிடுவா" எண்டு சொன்னா. ஊரில் அவர்களுக்கு ஒரு கிணறு இருந்ததாம்.

மறிச்சுக்கட்டி பழைய ஊர். முத்துக்குளிப்புக் காலத்தில் அங்கே பெரிய முகாம் எழும்பும். லெனார்ட் வூல்ஃப் 1906இல் அந்த முகாமில் வேலை பார்த்தவர். தெற்கே மோதரகம் ஆற்றுக்கு அங்கால் இருக்கிற காடு 1905இல் சரணாலயமாகி, 1938இல் வில்பத்துத் தேசியப் பூங்கா ஆகியது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சனம். பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்தது புத்தளம். தமிழர்களாகிய நாங்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகப் பழகிவிட்டோம். ஆனால் இந்தக் காட்டின் கதையே அந்த வரியில் இருந்துதான் தொடங்குகிறது. ஆட்கள் இல்லாத வயலையும் வளவையும் முள்ளுப்பற்றை மூடியது. பிறகு மரங்கள். கிட்டத்தட்ட 20 வருடம் அப்படியே கிடந்தது.

2009இல் யுத்தம் முடிந்து சனம் திரும்பத் தொடங்கினது. 2012 ஒக்டோபரில் ஒரு வர்த்தமானி இந்தப் பகுதிகளில் பெரிய பரப்பை ஒதுக்கக் காடு எண்டு பிரகடனம் செய்தது. ஒருத்தரும் ஊருக்கு வந்து பாராமல் கோடு போட்டார்கள் என்பது திரும்பியவர்களின் முறைப்பாடு. மறுபக்கம், திரும்பியவர்களுக்காக அரச அதிகாரிகளே காட்டுக்குள் காணி துண்டுபோட்டுக் கொடுத்தார்கள். வீட்டுத்திட்டம் எழும்பினது.

இப்படி ஒரு வீட்டுத்திட்டம் வருமுன் என்ன செய்யவேண்டும் எண்டு சட்டம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது சுற்றாடல் தாக்க மதிப்பீடு அதற்குள் வந்தது. எந்தெந்தத் திட்டங்களுக்கு அது தேவை எண்டு 1993 வர்த்தமானி பட்டியல் போட்டது: 1000 வீடுகளுக்கு மேலான திட்டம், 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றுவது, 50 ஹெக்டேயருக்கு மேல் நிலம் துப்புரவாக்குவது. மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள். தீங்கு குறைந்த மாற்று வழிகளையும் அறிக்கை சொல்லவேண்டும். மறிச்சுக்கட்டிப் பக்கம் இது நடக்காமலே வீடுகள் வந்தன. பின்னர் வழக்குப் போட்ட சுற்றாடல் அமைப்பின் வாதங்களில் அதுவும் ஒன்று.

சரி, நடந்திருந்தால் என்ன பார்த்திருப்பார்கள்? ஒருநாள் ஜீப்பில் போய்வந்து "யானை தென்படவில்லை" எண்டு எழுதுவது மதிப்பீடு இல்லை. ஆடியில் காய்ந்து வெடித்துக் கிடக்கிற குளம் மார்கழியில் நிரம்பி நிற்கும். தண்ணீர் மாற மிருகத்தின் பாதையும் மாறும். ஆகவே இரண்டு பருவத்திலும் நடக்கவேண்டும். யானை இலத்தி, சிறுத்தையின் காலடி, கரடி கிண்டிய கறையான் புற்று எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்கவேண்டும். இரவுக்குத் தானியங்கிக் கமரா. பிறகு வீடுகளின் அமைப்பு. நூறு வீட்டை ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டுவதும், அதே நூறு வீட்டைப் புது றோட்டு ஒன்றின் இரண்டு பக்கமும் நீளத்துக்குக் கட்டுவதும் மிருகத்துக்கு ஒன்றில்லை. இரண்டாவதில் காடு இரண்டாகப் பிளந்துவிடும். நாய், ஆடு, குப்பை, வெளிச்சம் எல்லாம் வீட்டுக் கூரையைத் தாண்டிக் கனதூரம் போகும்.

ஆனால் இதற்கெல்லாம் முதல் ஒரு கேள்வி இருக்கிறது. எந்த மதிப்பீடும் 'இப்போதைய நிலை' என்ன எண்டு பதிவுசெய்துதான் தொடங்கும். முசலியில் எந்த ஆண்டு இப்போதைய நிலை? 2012 எண்டால் அங்கே இருப்பது காடு, வருகிறவன் அத்துமீறுபவன். 1989 எண்டால் அங்கே இருப்பது ஊர், காடுதான் பிறகு வந்தது. கரடியைக் கேட்டால் அது 20 வருடமாக அங்கேதான் புற்றுக் கிண்டுகிறது. உயிரியல் படித்தவர் தனியாக இதற்குப் பதில் சொல்லமுடியாது. இது வரலாற்றுக் கேள்வி. எங்கட பீடத்து வேலை.

பதில் தேட வழியில்லாமலும் இல்லை. லான்ட்சட் செய்மதி 1972 முதல் படம் எடுக்கிறது. காணி உறுதிகள், பெர்மிட்டுகள், பழைய வாக்காளர் இடாப்புகள் இருக்கின்றன. காட்டுக்குள்ளே நிற்கிற புளியும் தென்னையும் பள்ளிவாசல் அத்திவாரமும் ஊர் எதுவரை இருந்தது எண்டு சொல்லும். கொழுத்த பாலை மரம் நிற்கிற துண்டு 1990இல் வயலாய் இருந்திருக்க முடியாது, பாலை அவ்வளவு மெதுவாக வளரும் மரம். இப்படித் துண்டு துண்டாகப் பார்த்திருந்தால் பழைய ஊர் இது, பழைய காடு இது எண்டு பிரித்திருக்கலாம்.

பிரித்த பிறகும் சிக்கல் முடியாது எண்டதையும் சொல்லவேணும். 1990இல் போன ஒரு குடும்பம் மூன்று நான்கு குடும்பமாகத் திரும்பியது. பழைய வளவு காணாது. அந்த மேலதிகக் காணிக்குத்தான் மாற்று இடம் தேடும் மதிப்பீடு மிகவும் தேவைப்பட்டது. திரும்பிவரும் உரிமையைக் காட்டி அதைத் தவிர்த்தது பிழை எண்டுதான் நான் நினைக்கிறேன். அதேநேரம், பக்கத்து முள்ளிக்குளத்தில் தமிழ்ச் சனத்தின் ஊரில் கடற்படை முகாம் போட்டபோது காட்டுக்காக இந்தளவு சத்தம் கேட்கவில்லை.

2017 மார்ச்சில் ஜனாதிபதி சிறிசேன இப்பகுதிக் காடுகளைச் சேர்த்து மாவில்லு பேணற்காடு எண்டு பிரகடனம் செய்தார். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறு வனத்தில் காடழித்துக் குடியேற்றியது சட்டவிரோதம் எனத் தீர்த்து, அழிந்த பரப்புக்குச் சமமான இடத்தில் மரம் நடும் செலவை ரிஷாட் பதியுதீன் ஏற்கவேண்டும் எண்டது. மதிப்பீடு செய்திருக்கவேண்டிய காலத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் வருடங்கள் போய்விட்டன. வீடுகளில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள்.

போன கிழமை பட்ச்சிடம் அந்தக் கிணறு இப்ப எந்தப் பக்கம் எண்டு கேட்டேன். "வன எல்லைக் கல்லுக்கு அங்கால. போய்ப் பார்த்தனாங்கள், தண்ணி இருக்கு" எண்டா.