சட்டாம்பிள்ளையின் பாதி வேலை

'சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே' என்று வீட்டில் இன்றும் திட்டு விழுகிறது. அந்தத் திட்டுதான் மிஞ்சியிருக்கிறது, பதவி மறந்துபோச்சு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாத நேரத்தில் அவர் இடத்தில் நின்ற மூத்த மாணவன்தான் சட்டாம்பிள்ளை. இன்றைக்கு லீவு போட்ட ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்குள் நுழைகிறவருக்கெல்லாம் அவன்தான் முன்னோடி. அவனுக்கு இரண்டு வேலை இருந்தது. சின்னப் பிள்ளைகளை மணலில் எழுதப் பழக்கி, தான் முன்னால் சொல்லி அவர்களைத் திருப்பிச் சொல்ல வைப்பது ஒன்று. சத்தம் போடுகிறவனை அடக்குவது மற்றொன்று.

இதில் முதல் வேலை கப்பலேறி இங்கிலாந்து போனது. 1789-இல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் அப்படிச் செய்யுங்கள் என்றார். அவருக்குக் கீழிருந்த ஆசிரியர் அதெல்லாம் நடக்காது என்று கையை விரித்துவிட்டார். பெல் உடனே ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர் முடியாது என்றதைப் பையன் செய்து காட்டினான். 1797-இல் இந்த அனுபவத்தை பெல் லண்டனில் புத்தகமாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரே பரவியது.

1823-இல் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் அரசுக்கு எழுதிய அறிக்கையில் இந்த வழக்கத்தைப் பாராட்டுகிறார். மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தரும்போது மூத்தவரின் அறிவும் உறுதிப்படுகிறது என்பது அவர் கண்ட நன்மை. ஆனால் செலவு குறைவு என்பதையும் அதே மூச்சில் சேர்த்துச் சொன்னார். இந்தக் கதையின் சிக்கலே அங்கேதான். இங்கிலாந்தில் ஜோசப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியரை வைத்து ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று கணக்குப் போட்டார். நல்ல யோசனை ஒன்று மலிவான யோசனையாகவும் இருந்துவிட்டால், எதற்காக அதை எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லவா வேண்டும்!

கால அட்டவணையும் பாடத்துக்கு ஒரு ஆசிரியரும் வந்தபின், சட்டாம்பிள்ளை கிளாஸ் லீடர் ஆனான். "பேசுறவங்க பேரை போர்டுல எழுது." அவ்வளவுதான் அவனுக்கு மிஞ்சிய உத்தியோகம். சொல்லித்தரும் பாதி போய், அடக்கும் பாதி மட்டும் நின்றது. வேறு வகுப்பிலிருந்து ஒரு பீரியடுக்கு வரும் ஆசிரியரும் பெரும்பாலும் அதே பாதியைத்தான் செய்கிறார்: "சத்தம் வரக்கூடாது, ஏதாவது எடுத்துப் படிங்க."

இதை இருக்கன்குடி பக்கம் வைத்துப் பார்ப்போம். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேரும் ஊர். ஆடி மாதம் மாரியம்மனைப் பார்க்க ஜனம் அலைமோதும். சுற்றுவட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசு வேலைதான் பல வீடுகளுக்குச் சோறு. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளையே பள்ளியிலிருந்து இழுத்துப்போன வேலையும் அதுதான். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் லீவு, தமிழ் ஐயா உள்ளே வருகிறார் என்று வையுங்கள். வேதியியல் தெரிந்த மாதிரி நடித்தால் பதினாலு வயசுப் பிள்ளைகள் ரெண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும். "எனக்கு இது தெரியாதுப்பா, மத்தாப்புல பச்சை எப்படி வருது? சிவப்பு எப்படி வருது?" என்று கேட்டுப் பார்க்கட்டும். பச்சைக்கு பேரியம் உப்பு, சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு. கடைசி பெஞ்சிலிருந்து யாராவது சொல்லக்கூடும். பேரியத்துக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது ஏன் என்று அடுத்த கேள்வி. நச்சு, காற்று, அம்மா அப்பாவின் கூலி என்று அந்த ஒரு பீரியடுக்குள் எல்லாம் வந்துவிடும். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்கிறான், ஐயா கேட்டுக்கொண்டிருக்கிறார். ஃப்ரிஸ்கனின் வகுப்பு திரும்பிவிட்டது.

ஆனால் இதையே சாக்காக வைத்து ஆசிரியர் இடத்தைக் காலியாகப் போட்டுவிடக் கூடாது. 2022-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்களைத் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப அறிவிப்பு வந்தது. மாதச் சம்பளம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாத ஒருவரிடம் வகுப்பைக் கட்டிப்போடச் சொல்வது லங்காஸ்டர் கணக்கேதான். ஒரு நாள் லீவுக்கு வருகிறவர் வேறு, வருஷக் காலியிடத்துக்கு வருகிறவர் வேறு. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு வீணாய்ப் போன ஒரு பீரியடை எந்த டியூஷனும் ஈடுகட்டப் போவதில்லை.

காலியிடத்தை நிரப்புவது அரசின் வேலை. ஒரு பீரியடுக்கு மட்டும் நுழைகிறவர் கையில் இருப்பது சின்ன விஷயம்தான். பேர் எழுத சாக்பீஸ் கொடுக்கிறோமே, அதே சாக்பீஸை ஒரு கணக்கைப் போட்டுக்காட்டவும் அந்தப் பிள்ளையிடம் கொடுக்கலாம்.