வேர் உட்பூசணமும் ஒளிர்வு நுண்ணோக்கியும்

வேர் உட்பூசணம் பெரும்பாலான நிலத்தாவரங்களின் வேருக்குள் வாழும் பூஞ்சை. மண்ணிலிருந்து பாஸ்பரஸைத் திரட்டிச் செடிக்குக் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் பெறுகிறது. தமிழக உழவர்கள் ‘வேம்’ என்று வாங்கி வயலில் இடுவது இதைத்தான். வேரின் வெளித்தோற்றத்தில் இதன் அடையாளம் ஏதும் தெரியாது.

செல்லுக்குள் இது மரம்போலக் கிளைத்து நிற்பதை, ‘ஆர்பஸ்கியூல்’ என்று பெயரிட்டு 1905-இல் விவரித்தவர் பிரெஞ்சு அறிஞர் கலோ. எளிதாகப் பார்க்க வழி வந்தது 1970-இல். பிலிப்ஸும் ஹேமனும் வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி வெளுக்க வைத்து, டிரிபான் நீலத்தில் தோய்த்தார்கள். பூஞ்சை நீலமாகத் தெரிந்தது. ஆனால் வேர் வெந்துவிட்டது. சாயத்துக்கோ புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பெயர் வேறு.

இதற்கு மாற்றாக, கதிர் பட்டதும் ஒளிரும் பொருள்களைக் காட்டும் ஒளிர்வு நுண்ணோக்கி 1911 வாக்கிலேயே ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் உருவாகிவிட்டது. 1960-களின் பிற்பகுதியில் டச்சுக்காரரான ப்ளூம், ஒளியை மேலிருந்தே பாய்ச்சும் அமைப்பைச் செம்மைப்படுத்தியபின், வேர்போன்ற தடித்த பொருள்களையும் பார்ப்பது எளிதானது. 1982-இல் ஏம்ஸும் உடன் ஆய்வாளர்களும் சாயமே இடாத வேர்மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்ச, பூஞ்சை தானாகவே ஒளிர்ந்தது. 1984-இல் லீக் எனும் வெங்காய இன வேரிலும் ஆர்பஸ்கியூல், பைபோன்ற வெசிக்கிள், பூஞ்சை இழை மூன்றும் இப்படித் தெரிந்தன.

இங்கேதான் வம்பு. லிக்னின் எனும் மரப்பொருள் உள்ள வேர்க்குழாய்களும் அதே ஒளியில் மின்னும். தவிர, ஒளிர்வது உயிருள்ள ஆர்பஸ்கியூலா, சுருங்கிச் செத்ததா என்ற விவாதமும் எழுந்தது. பனைக்குடும்ப மரங்களின் வேர்களை ஆராய்ந்த 2006-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று, இம்முறை குறைத்து மதிப்பிடப்பட்டுவிட்டது என்று வாதாடியது.

குழப்பத்தைத் தவிர்க்கும் நல்ல உத்தி கோதுமை முளையிலிருந்து எடுக்கும் ஒரு புரதம். அது பூஞ்சையின் சுவரிலுள்ள கைட்டினில் ஒட்டும். செடியின் செல்சுவரில் கைட்டின் இல்லை. ஒளிரும் சாயத்தை அப்புரதத்தோடு இணைத்துவிட்டால் பூஞ்சையின் சுவர் மட்டும் பச்சையாகத் துலங்கும்.

உயிருள்ள வேரை அப்படியே பார்த்த பெருஞ்சாதனை 2005-இல் இத்தாலியின் டூரின் நகர ஆய்வாளர்களுடையது. மெடிக்காகோ எனும் பயறுவகைச் செடியின் செல்லுறுப்புகளில் ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்தைச் சேர்த்து, கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பூஞ்சை துளைத்து நுழையும் முன்பே, அது போகவேண்டிய பாதையைச் செல் தனக்குள் அமைத்துக்கொண்டிருந்தது! வெந்த வேரில் இதைக் கண்டிருக்கவே முடியாது.

ஆனால் அன்றாடக் கணக்கெடுப்புக்கு இவ்வளவு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பல ஆய்வகங்களில் இன்றும் டிரிபான் நீலம்தான். அல்லது 1998-இல் வியர்ஹைலிக் குழுவினர் அறிமுகப்படுத்திய பேனா மையும் வினிகரும்.