திண்ணைக் கணக்கும் தெளிவுக் கணக்கும்

ஐம்பத்திரண்டில் முப்பத்தேழு போனால் மீதி எவ்வளவு? "இருபத்தைந்து" என்கிறான் சிறுவன். தவறென்று சிவப்புக் கோடு இழுப்பது எளிது, "எப்படிக் கண்டாய் தம்பி?" என்று கேட்பதுதான் அரிது. கேட்டால் சொல்வான்: "இரண்டில் ஏழு போகாது, ஏழில் இரண்டு போனால் ஐந்து." அறிவின்மையா இது? அன்று! தானே ஒரு விதி வகுத்திருக்கிறான். அது வழி தவறிய விதி, அவ்வளவே. சிந்தித்துத் தவறியவனைச் சிந்திக்க வைத்தே திருத்த முடியும், பிரம்பால் முடியாது.

இந்த உண்மை நம் பள்ளி வாயிலை எட்ட நெடுங்காலம் ஆயிற்று. அன்று திண்ணைப் பள்ளி. மணலில் எழுத்து, நாவில் எண்சுவடி. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. காணி என்றால் 80இல் ஒரு பங்கு. மா என்றால் 20இல் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய பின்னங்களை மனத்தில் ஏற்றியவன் நெல்லும் நிலமும் அளந்தான். அத்திறமையை இகழ்வதற்கில்லை. ஆனால், அத்திண்ணையில் ஏற எல்லோருக்கும் இடமிருந்ததா? களத்தில் கதிரடித்தவனின் மகன், அந்த நெல்லின் கணக்கை அறியவொட்டாமல் சாதி தடுத்து நின்றதே! கணக்கறியாதவன் கூலியில் ஏமாந்தான், கடனில் மூழ்கினான்.

சென்னையில் 1789 முதல் அனாதைச் சிறுவர் பள்ளியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை வளர்த்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் அது பரவிற்று. பெருமைதான்! ஆயினும், சட்டாம்பிள்ளை சொன்னதைச் சிறுவன் ஒப்புவித்தான், 'ஏன்?' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

பின்னர், 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தது. திருவரங்குளம் வட்டாரம் உள்ளிட்ட மாவட்டமெங்கும் ஊதியம் கருதாத இளைஞர்கள் விளக்கொளியில் ஆசிரியராயினர். கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தும் எண்ணும் கற்றனர். பெண்கள் குழுக்கள் குவாரிக் குத்தகையும் பெற்றன. ஏட்டில் கிடந்த எண், உழைப்பவள் கையில் உரிமையாயிற்று! பேசிப் பேசிக் கற்ற பாடம் அது.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகமும், குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே நோக்கம் என்றது. அதை வகுப்பறையில் மெய்யாக்க வேண்டியவர்கள், ஆசிரியர் பயிற்சி பெறும் இளைஞர்களே!

பயிற்சிக்காகத் திருவரங்குளத்து வகுப்பறையில் நுழையும் தம்பி, தங்கையே! பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அச்சிறுவன் கையில் கொடு. "முப்பத்தேழு எனக்கு வேண்டும், எப்படித் தருவாய்?" என்று கேள். மூன்று கட்டுகளைத் தருவான், ஏழுக்குத் திகைப்பான். அப்போது முந்திக்கொண்டு விடை சொல்லாதே, பொறு. அவனே நான்காம் கட்டை அவிழ்ப்பான், பதினைந்தைக் காண்பான்.

மாலையில் உன் குறிப்பேட்டைத் திற. எங்கே அவனைப் பேசவிட்டாய், எங்கே அவன் வாயை அடைத்தாய் என்று ஒளிக்காமல் எழுது. மாணவனின் தவறை ஆராயும் ஆசிரியர், தம் தவறையும் ஆராய வேண்டும். பகுத்தறிவு அங்கேதான் தொடங்குகிறது. இன்று 'எப்படி?' என்று கேட்கப்பட்ட சிறுவனே, நாளை கூலி குறைந்தால் 'ஏன்?' என்று கேட்பான்!