தாம்சன் துப்பாக்கியின் ஏல விலை: ஒரு பதிவேடு உருவாக்கிய சந்தை

கைத்துப்பாக்கிக்குரிய சிறு தோட்டாக்களை இடைவிடாமல் சுடும் வகையில், ஒருவரே கையிலேந்திப் பயன்படுத்துமாறு அமைந்த தானியங்கித் துப்பாக்கியே துணை இயந்திரத் துப்பாக்கி எனப்படுகிறது. அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடையே இவ்வகையில் தலைமை இடம் பெற்றிருப்பது தாம்சன். அது இன்று பல பத்தாயிரம் டாலருக்கு ஏலம் போவதற்கு அதன் வேலைப்பாடும் வரலாறும் காரணங்களே எனினும், அவற்றினும் வலுவான காரணம் 1934, 1968, 1986 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட மூன்று சட்டங்களாகும்.

ஓய்வுபெற்ற படைத்தளபதி ஜான் டி. தாம்சன் 1916இல் நிறுவிய ஆட்டோ-ஆர்ட்னன்ஸ் நிறுவனம் பதுங்குகுழிப் போருக்கென இதனை வடிவமைத்தது. ஆனால் துப்பாக்கி ஆயத்தமாகும் முன்பே முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. 1921இல் ஹார்ட்ஃபோர்டிலுள்ள கோல்ட் தொழிற்சாலையில் 15,000 துப்பாக்கிகள் செய்விக்கப்பட்டன. ஒன்றின் விலை ஏறத்தாழ 200 டாலர், அதாவது அன்றைய ஃபோர்டு காரின் விலையில் பாதியளவு என்பதால், விற்பனை மந்தமாகவே இருந்தது. 1930களிலும் சரக்கு தேங்கிக் கிடந்தது. சுடும் வேகத்தைக் குறைக்குமாறு கடற்படை கேட்டபோது புதியவை செய்யப்படவில்லை. கையிருப்பில் இருந்தவற்றின் உட்பாகமே மாற்றப்பட்டு, அவற்றின் மேல் பொறித்திருந்த 1921 என்னும் மாதிரி எண்ணின் கடைசி இலக்கத்தின் மீது 8 அடிக்கப்பட்டது. அந்த எட்டின் அடியில் பழைய ஒன்று இன்றும் தெளிவாகத் தெரிகிறது. 'ஓவர்ஸ்டாம்ப்' என வழங்கும் இத்துப்பாக்கிகளை மதிப்பிடுவோர் முதலில் உற்றுநோக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று.

1929இல் சிகாகோவில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட காதலர் தினப் படுகொலை போன்ற நிகழ்வுகள் எழுப்பிய அச்சத்தின் பின்னணியில் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் பிறந்தது. இயந்திரத் துப்பாக்கிகள் அரசிடம் பதியப்பட வேண்டும் என்றும், ஒவ்வொரு முறை கைமாறும்போதும் 200 டாலர் வரி செலுத்தப்பட வேண்டும் என்றும் அது விதித்தது. துப்பாக்கியின் விலைக்கே ஈடான வரி என்பதால் வாங்குவோர் அன்று அஞ்சி விலகினர். அத்தொகை இன்றுவரை உயர்த்தப்படாததால், இக்காலச் சேகரிப்பாளருக்கு அது ஒரு பொருட்டே அன்று.

1968ஆம் ஆண்டின் சட்டம் இதனினும் ஆழமான விளைவை ஏற்படுத்தியது. தனியாருக்காக அயல்நாட்டு இயந்திரத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதை அது தடுத்ததோடு, பதியப்படாதவற்றைத் தண்டனையின்றிப் பதிந்துகொள்ள நவம்பர் 2 முதல் டிசம்பர் 1 வரை மட்டும் பொது மன்னிப்பு வழங்கியது. போர் வீரர்கள் நினைவுப் பொருளாகக் கொணர்ந்த துப்பாக்கிகளும், குழல் பற்றவைத்து அடைக்கப்பட்டு 'டிவாட்' என வழங்கியவையும் அந்த ஒரு மாதத்துக்குள் பதியப்பட்டால் சொத்தாயின. செய்தி எட்டாமல் பரணில் கிடந்தவை சட்டவிரோதப் பொருளாயின. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட இரு துப்பாக்கிகளுள் ஒன்று செல்வமாகவும் மற்றொன்று சிறைக்குரிய குற்றமாகவும் பிரிந்தமைக்கு ஒரு தாளே காரணம் என்பது இவ்வரலாற்றின் மிகக் கடுமையான கூறு. இரண்டாம் உலகப் போரில் பத்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட ஒரு கருவி சந்தையில் அரிதாகத் தோன்றுவதும் இதனாலேயே. 1986 மே 19க்குப் பின் பதியப்படும் இயந்திரத் துப்பாக்கியைத் தனியார் வைத்திருக்கலாகாது என்ற திருத்தம், எஞ்சியிருந்த வரத்தையும் அடைத்தது. அதன்பின் விலை ஏறுவதற்குத் தேவை பெருகினாலே போதுமானதாயிற்று.

பதிவுக்கு அடுத்து விலையைத் தீர்மானிப்பது மூல நிலை. கோல்ட் தொழிற்சாலை இட்ட நீல மெருகு தேய்ந்திருப்பதைச் சேகரிப்பாளர் பொறுத்துக்கொள்வர். அதை மீண்டும் மெருகேற்றியிருப்பதைப் பொறுப்பதில்லை. மூன்றாவது, துப்பாக்கி யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதற்கான சான்று. கொள்ளையர்களான போனி பார்க்கர், கிளைட் பாரோ இருவருக்கும் உரியதெனக் கருதப்பட்ட ஒரு தாம்சன் 2012 ஜனவரியில் கான்சாஸ் சிட்டி ஏலத்தில் 1,30,000 டாலருக்குப் போனது.

துணைப்பொருள்களின் சந்தை இதனின்று வேறுபட்டது. தோட்டாக்களைச் சுருள்வரிசையில் அடக்கும் வட்டப் பெட்டியான 'டிரம்', 50 தோட்டாவுக்கு எல் என்றும் 100 தோட்டாவுக்கு சி என்றும் ரோமானிய எண்களால் பெயர் பெற்றது. மாநிலச் சட்டம் தடுத்தாலன்றி இதற்குப் பதிவோ வரியோ இல்லை. ஆகவே சேகரிப்பு வேட்கை எவ்வளவு என்பதைத் துப்பாக்கியைவிட இதன் விலையே நேராகக் காட்டுகிறது. நியூயார்க் முகவரி பொறித்த போருக்கு முந்தைய டிரம், பிரிட்ஜ்போர்ட் முகவரி பொறித்த போர்க்கால டிரம்மைக் காட்டிலும் கூடுதலாக விரும்பப்படுவதற்கு, அது கோல்ட் துப்பாக்கியின் காலத்துக்குப் பொருந்துவதே காரணம்.

கோல்ட் துப்பாக்கிகளுள் கணிசமானவை தொடக்கத்திலேயே காவல்துறைகளுக்குச் சென்றவை. அவற்றுள் பழைய பதிவுடையவை பின்னர் விற்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. 1968க்குப் பின் 'படிவம் 10' என்னும் அரசுப் பயன்பாட்டுப் படிவத்தில் பதியப்பட்டவையோ ஒரு காவல்துறையிலிருந்து மற்றொரு அரசுத் துறைக்கு மட்டுமே மாறக்கூடும். மெருகு கெடாத 1921ஆம் ஆண்டுத் துப்பாக்கியே ஆயினும், அதனை ஏலத்தில் தனியார் எவரும் எடுக்க இயலாது.