தூண்டில் ரீலும் தார்க்குச்சியும்

ஆறு, ஏரியில மீன் பிடிக்கிற ஸ்பின்னிங் ரீல்ல எது ஒசத்தி? மிட்செல்லா, அபுவா, ஷிமானோவா? என் ரூம்மேட்டுங்க ரெண்டு பேருக்கும் வாரக்கடைசி ஆனா இதே சண்டைதான். எனக்கு மீன் மேல அக்கறை குழம்புல மட்டும் :-) ஆனா நான் இங்க லீட்ஸ்ல டெக்ஸ்டைல் எம்.எஸ்ஸி. படிக்கிறவன். ரீலை வாங்கித் திருப்பிப் பாத்ததும் 'அட, நம்ம தார்க்குச்சி!'ன்னு தோணுச்சு. தோண்டிப் பாத்தா வரலாறும் அங்கதான் போய் நிக்குது.

பழைய ரீல்ல நூல் சுத்தின உருளையே சுழலணும். வீசின எடைதான் உருளையை இழுத்துச் சுத்தணும். எடை கம்மின்னா உருளை அசையாது. எடை தண்ணில விழுந்த பிறகும் உருளை நிக்காம சுத்தினா, நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கும்.

லீட்ஸுக்குப் பக்கத்து ஊர் பிராட்ஃபோர்டு, கம்பளி நூலுக்குப் பேர்போன ஊர். அங்க நூற்பாலைக் குடும்பத்துல வந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905-ல் ஒரு ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். இதுல வீசும்போது உருளை சுழலவே சுழலாது. நூல் அதன் முனை வழியா வளையம் வளையமா நழுவி ஓடும். திரும்பச் சுத்தும்போது ஒரு கொக்கி உருளையைச் சுத்தி வந்து நூலை ஏத்தும். அதனால சில கிராம் எடையைக் கூட தூரமா வீசலாம்.

தறி வச்சிருக்கிற வீட்டுப் பிள்ளைங்களுக்கு இது புதுசில்ல. நாடாவுக்குள்ள தார் சுழலாது. ஊடை நூல் முனை வழியாத்தான் உருவிக்கிட்டு வரும். ஈரோட்டுப் பக்கம் எங்க அமுச்சி ராட்டையில தார் சுத்தும்போது, "தளர்வா சுத்தினா கொத்தா உருவிரும் கண்ணு"ன்னு சொல்லும். ரீலுக்கு நூல் ஏத்துறவங்களுக்கு இன்னிக்கும் முதல் பாடம் இதேதான்!

சரி, சண்டைக்கு வருவோம். மூணு கம்பெனியுமே மீன்பிடியில பிறந்ததில்ல. மிட்செல் ரீலைச் செஞ்ச கார்பனோ எ போன்ஸ், பிரான்ஸ்ல கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன குளூஸ் ஊர்க் கம்பெனி. ரெண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிட்செல் 300 அமெரிக்கா வரைக்கும் போய்ச் சக்கைப்போடு போட்டது. சுவீடனோட அபு 1921-ல் கடிகாரக் கம்பெனியா ஆரம்பிச்சது. டாக்சி மீட்டரும் செஞ்சாங்க. ஷிமானோவும் அதே 1921-ல், ஜப்பானோட சகாய் நகரத்துல, சைக்கிள் ஃப்ரீவீல் செய்ய ஆரம்பிச்ச பட்டறை. தூண்டில் பக்கம் வந்தது 1970-ல்தான். சைக்கிள் பாகத்துக்காகக் கத்துக்கிட்ட, உலோகத்தைச் சூடாக்காமலே அழுத்தி உருவாக்கும் வித்தைதான் இன்னிக்கு அவங்க ரீல் பல்சக்கரத்துலயும் இருக்கு.

என் தீர்ப்பு? பழைய மிட்செல்லும் அபு கார்டினலும் கழட்டிப் பூட்டிப் பழக அருமை, ஆனா கனம். தினம் ஆத்தங்கரைக்குப் போறவனுக்குப் புது ஷிமானோ லேசு, கைப்பிடி பின்னால ஆடாது. எதை வாங்கினாலும் உள்ள இருக்கிற யோசனை அந்த 1905 யோசனைதான்.

எனக்கு உறுத்துறது வேற. பிராட்ஃபோர்டுக்குப் பக்கத்துல சால்ட்டேர் ஆலை 1986-ல் மூடியாச்சு. இப்ப அது ஓவியக்கூடம். நகரத்துக்குள்ள இருந்த மானிங்ஹாம் ஆலை 1992-ல் மூடி, பிறகு அடுக்குமாடி வீடா ஆகிடுச்சு. எங்க தெருவுலயும் தறிச் சத்தம் பாதி கூட இல்ல. தறியில இருந்ததைத் தண்ணிக்குக் கொண்டுபோனது இல்லிங்வொர்த்தோட புத்தி, மறுக்கல. ஆனா நூல் எப்படி உருவும்னு அவர் ஆலையில வேலை பாத்தவங்களுக்கும் எங்க அமுச்சிக்கும் விரல் நுனியில தெரியும். அதை யாரும் எழுதி வைக்கல. தறியைப் பழைய இரும்புக்குப் போடுறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை கேட்டு எழுதி வைங்க மக்களே.